காக்கா தட்டிய தலை

கிளி கொத்திப் போட்ட சீபேக்காயின் ருசி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொய்யாவைத்தான் சொல்கிறேன், பெங்களூரில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது என்றைக்கும் "சீபே"தான். ஒரு பக்கம் கிளி கடித்த குழி, மறுபக்கம் விடியற்காலைப் பனியில் நனைந்து சில்லிட்ட தோல், வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடும் வாசனை. "எச்சிப் பழம் துன்னாதடி, வாய் வெந்து பூடும்" என்று அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கத்துவாள். அப்பாவோ தனக்கும் ஒன்றைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கிளி நல்லதாப் பாத்துத்தான் வாய் வெக்கும், நாமதான் கண்டதையும் துன்றோம்" என்று சொல்லியபடியே கடிப்பார். அந்த ருசி இப்போதும் நாக்கில் நிற்கிறது என்று எழுதிவிட்டுப் போனால் இந்தக் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும்.

ஆனால் எனக்கு அந்தத் தோட்டத்தை நினைத்தால் இனிப்புக்குப் பின்னாலேயே வெட்கம் வந்துவிடுகிறது. "அந்தக் காலத்துப் பெங்களூரில் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன பறவை வரும், சொல்லுங்களேன்" என்று பேத்தியின் சிநேகிதிகள் கேட்கும்போது, தேன்சிட்டு, கிளி, மைனா என்று சந்தோஷமாக ஆரம்பிக்கிறேன். காக்கை வரைக்கும் வந்ததும் காது மடல் சூடாகி, "சரி சரி, போய் வேலையைப் பாருங்கள்" என்று எழுந்துவிடுகிறேன். இத்தனை வயதுக்கு மேல் என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். மானம் போன கதைக்கு வயதாவதில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் "தண்டு" என்று எல்லோரும் சொல்லும் கண்டோன்மெண்ட் பக்கம் குடியிருந்தோம். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போன கையோடு, ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் தன் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறியது. அதை வாங்கியவர் சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். முன்னால் இருந்த பெரிய வீட்டை அவர் சரக்கு அடுக்க வைத்துக்கொண்டு, பின்னால் இருந்த ஓட்டு வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டார். வீடு என்னவோ தீப்பெட்டி போலத்தான். ஆனால் தோட்டம் முழுக்க எங்கள் கையில். அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, பாயைப் பார்த்த முதல் நாளே, "மரத்தை மட்டும் வெட்டிடாதீங்க பாய்" என்று கேட்டாராம். "மரத்தை வெட்டி நான் என்னா பண்ணப்போறேன், நீங்களே வெச்சுக்கோங்க" என்று அவர் சிரித்தாராம். சீபே, மா, பட்டர் ஃப்ரூட், ஒரு செண்பகம், கேட்டை ஒட்டி வானத்துக்கு வளர்ந்த ஒரு சில்வர் ஓக், இவ்வளவையும் அன்றிலிருந்து அப்பா தன் சொத்தாகவே நினைத்துக்கொண்டார்.

மரத்தோடு மரமாகப் பறவைகளும் வந்து சேர்ந்தன. அவற்றின் சரியான பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்பா வைத்ததுதான் பெயர். தலையில் கொண்டை வைத்து அலட்டிக்கொண்டு திரிந்தது "கொண்டைக்காரி". அத்திக் கன்றின் இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்துக் குடும்பம் நடத்தியது "டெய்லர்". மத்தியான வெயிலில் டொங் டொங் என்று ஒரே தாளத்தில் கத்தி அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த பச்சைப் பறவை "பித்தளைக்காரன்", ஏனென்றால் பாத்திரக் கடையில் அடி வாங்கும் அண்டாவின் சத்தம் அது. கொண்டைக்காரி ஒரு வருஷம் துணி காயப்போடும் கம்பத்தைச் சுற்றியிருந்த கொடியில் கூடு கட்டிவிட்டாள். அவ்வளவுதான், "குஞ்சு பறக்கற வரைக்கும் அந்தக் கொடியில ஒரு கைக்குட்டை கூட போடக் கூடாது" என்று அப்பா உத்தரவு போட்டார். அம்மா ஈரத்துணியைத் தோளில் சுமந்துகொண்டு நின்றாள். "எங்கப்பா என்னை இந்த மனுசனுக்குக் குடுத்தாரா, இந்தக் குருவிங்களுக்குக் குடுத்தாரா?" என்று கேட்டுவிட்டு, வேலிச் செடியின் மேல் துணியை விரித்தாள். அந்தக் கோடையெல்லாம் என் பள்ளிக்கூடத்துப் பாவாடையில் முள் இழுத்த ஓட்டை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் அதில் விரல் விட்டுச் சிரித்தார்கள்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஆபீசில் வாய் திறக்காத என் அப்பா தோட்டத்தில்தான் மனுஷனாக இருந்தார். காலையில் காபித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து, "இந்தா, ஓடியா, ஓடியா, சத்தம் போடாதே" என்று கிசுகிசுப்பாகக் கூப்பிடுவார். நான் பாய்ந்து போவேன். கொண்டைக்காரி குஞ்சின் வாயில் பழத்தைத் திணிப்பதையோ, டெய்லர் பஞ்சைக் கவ்விக்கொண்டு வருவதையோ இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்ப்போம். அந்த நேரத்தில் அவர் கை என் தலைமேல் இருக்கும். அப்பாக்கள் பெண் குழந்தைகளைத் தொட்டுக் கொஞ்சாத காலம் அது. பறவை சாக்கில் எனக்குக் கிடைத்தது.

இனி காக்கை. சில்வர் ஓக்கின் உச்சியில் சுள்ளியும் கம்பியுமாக ஒரு ஜோடி கூடு கட்டியது. காற்று பலமாக அடித்த ஒரு நாள் இறகு முளைக்காத குஞ்சு ஒன்று கீழே விழுந்து, வாயைப் பிளந்துகொண்டு கத்தியது. பூனை வருவதற்குள் அப்பா ஓடிப்போய் அதைத் துண்டில் ஏந்தி, ஏணி வைத்து ஏறி, எட்டிய கிளையின் கவட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினார். காக்கைக்கு இதெல்லாம் புரியுமா? தன் பிள்ளையைத் திருட வந்தவன் இவன்தான் என்று முகத்தை மனதில் குறித்துவைத்துக்கொண்டது. மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பிக் கேட்டைத் திறந்தவரின் நடு மண்டையில் வந்து "டப்"பென்று ஒரு தட்டு. அடுத்த நாளும் தட்டு. எங்களையெல்லாம் ஒன்றும் செய்யவில்லை, அவரை மட்டும்தான். அப்பாவுக்கோ ஒரே பெருமை. "பாத்தியா, இத்தினி பேருல என்னை மட்டும் அடையாளம் தெரியுது அதுக்கு!" என்று தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அடி தாங்க முடியாமல் போன பிறகு குடை பிடித்துக்கொண்டு கிளம்பினார். மழை இல்லை, தூறல் இல்லை, பளீரென்ற வெயில். ஜிப்பா போட்ட ஒரு மனிதர் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு போக, குடையின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து கொத்திக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் ஊர்வலம் வரும். நான் அவரோடு பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள்; அந்த வீட்டுப் பிள்ளைகள் "காகெ சத்ரி, காகெ சத்ரி" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். காக்காக் குடை என்று அர்த்தம். நான் குடைக்கு வெளியே, இந்த மனிதருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதது போல, தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

அம்மாவுக்கு இது சிரிப்பில்லை. காக்கை தலையில் தட்டினால் சாவு வரும் என்று நம்பிய குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்குப் போட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் அவர் தலையணையடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அதற்குப் பிறகும் காக்கை தட்டியது. அப்போதுதான் அவள் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை நினைத்துக்கொண்டாள். இளையவர்களுக்குத் தெரியாது என்பதால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். காக்கை யார் தலையில் தட்டியதோ, அவர் செத்துவிட்டார் என்று ரத்த சம்பந்தம் உள்ள ஒருவருக்குப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் அதைக் கேட்டு நிஜமாகவே அழ வேண்டும். அழுது முடித்ததும், "பயப்படாதீங்க, ஆள் நல்லா இருக்கார், காக்கா தட்டிச்சு, அதுக்குத்தான்" என்று மீதிச் சேதியையும் சொல்லிவிட வேண்டும். வர இருந்த சாவு அந்த அழுகையோடு கழிந்துவிடும். சேதி கொண்டுபோனவருக்கு இரண்டு திட்டும் ஒரு வாய்ச் சோறும் கிடைக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள்.

ரத்த சம்பந்தம் என்றால் அப்பாவுக்குத் திருப்பத்தூரில் இரண்டு பேர்: ஒரு அண்ணன், ஒரு அக்கா. அம்மா தேர்ந்தெடுத்தது பெரியப்பாவை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

பெரியப்பா எங்களோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவைப் பெற்றவள் இறந்தபோது, எங்கள் வழக்கப்படி தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் கடைசிப் பிள்ளையான அப்பா. சேதி ஆபீசுக்கு வந்தது. மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் கிளம்பினால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, அவர் வரும்வரைக்கும் அப்பா மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார், ரயில் போய்விட்டது. பொழுது சாயும்வரை பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த பெரியப்பா கடைசியில் தானே கொள்ளி வைத்தார். அப்பா போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "பெத்தவளுக்கு வராதவன் எனக்கு எதுக்கு?" என்று ஊர் முன்னால் கேட்டாராம். லீவு கேட்டு நின்ற கதையை எந்த வாயால் சொல்வார்?

ஆகவே அம்மா போட்ட கணக்கு என்னவென்றால், தம்பி செத்துவிட்டான் என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட கல்லும் கரையும். கரைந்த கையோடு உயிரோடு இருக்கிறான் என்று கேட்டால் சந்தோஷத்தில் பழைய கோபமெல்லாம் ஓடிப்போகும். காக்கை தோஷமும் தீரும், அண்ணன் தம்பியும் ஒன்று சேர்வார்கள். கெட்டிக்காரி என் அம்மா. பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த தன் தம்பி துரை மாமாவைக் கூப்பிட்டுச் சேதியை மனப்பாடம் செய்ய வைத்து, ரயில் ஏற்றி அனுப்பினாள். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை, சொன்னால் சிரித்துவிட்டுத் தடுத்திருப்பார். துரை மாமா திரும்பி வந்தார். "இன்னாடா, சொன்னியா?" என்று அம்மா கேட்டதற்கு, "சொல்ட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே தன் அறைக்குப் போய்விட்டார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா வழக்கம்போலக் குருவிகளுக்கு நொய்யும் கம்பும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் சீபே மரத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஏதோ கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால், தலைவிரி கோலமாக என் அத்தை, அவளுக்குப் பின்னால் திருப்பத்தூர் சொந்தக்காரப் பெண்கள் ஒரு கும்பல், மாரில் அடித்துக்கொண்டு, "என்னைப் பெத்த ராசா, என் கூடப் பொறந்த பொறப்பே" என்று ஒப்பாரி வைத்தபடி வந்துகொண்டிருக்கிறார்கள். ஆண்கள் கையில் மாலை. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கதவருகே விறைத்து நின்ற அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ. "இன்னும் அழிக்கலையா?" என்று ஒருத்தி அதிர்ந்து கேட்டாள். அம்மா நடந்ததைச் சொல்ல வாயெடுப்பாள், அதற்குள் இன்னொருத்தி வந்து கட்டிக்கொள்வாள்.

எதிர்வீட்டுக் கமலம்மா "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று பதறியபடி ஓடி வந்தார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். அவர் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோரம் நின்றார். "காகெ சத்ரி" பாடிய பிள்ளைகள் அத்தனை பேரும் காம்பவுண்டுச் சுவர்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பாரிச் சத்தத்துக்குக் காக்கைகள் வேறு கிளம்பிவந்து தலைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தின. நான் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. பூமி பிளந்தால் இறங்கலாம் என்று காத்திருந்தேன்.

அப்போது அப்பா வந்தார். ஒரு கையில் நொய்ப் பை, மறுகையில் குடை. தன் வீட்டு வாசலில் கூட்டத்தையும் மாலையையும் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் மரத்தின் மேலிருந்து பார்த்தேன். பையைப் போட்டார், குடையைப் போட்டார், நொய் தெருவெல்லாம் சிதற, "பாப்பா! பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று அலறிக்கொண்டு கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். பாப்பா என்பது நான். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஒப்பாரி அந்தரத்தில் நின்றது. அத்தை அவரைப் பார்த்தாள், "ஐயோ!" என்று ஒரு கத்தல், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அய்யோ தேவரே!" என்று கமலம்மா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டதும், சுவர்மேல் இருந்த பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள்.

பிறகு எல்லாம் வெளிவந்தது. அம்மா அழுதுகொண்டே சொன்னாள். காக்கா தட்டியதற்கு என்றதும் வந்தவர்களில் பலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "அடி பாவி, மீதிச் சேதி எங்கடி?" என்று அத்தை அம்மாவின் கன்னத்தில் செல்லமாக ஒரு இடி இடித்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த துரை மாமாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தையிடம், "அண்ணன் வரலையா?" என்று கேட்டார்.

துரை மாமாதான் சொன்னார். அவர் போனபோது பெரியப்பா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாராம். சேதியைச் சொன்னதும் திரிப்பதை நிறுத்தினாராம். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கொல்லைக்குப் போய், கிணற்றில் நீர் இறைத்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்று, "தலை முழுவியாச்சு. நீ போலாம்" என்றாராம். பெரியம்மாதான் உள்ளே அழுதாளாம்; அவள் மூலம்தான் சேதி அத்தைக்குப் போயிருக்கிறது. "நான் மீதிய சொல்லத்தான் மாமா வாயத் தொறந்தேன். நீங்க உசுரோட இருக்கீங்கன்னு சொன்னா அந்த மனுசன் சந்தோசப்படுவாரா, வருத்தப்படுவாரான்னு எனக்குப் புரியல. அப்டியே வந்துட்டேன்" என்றார் துரை மாமா.

"தலை முழுவியாச்சு" என்ற அந்த வார்த்தை தெருவுக்கே கேட்டது. தமிழ் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அதன் இரண்டு அர்த்தமும் தெரியும். சாவுச் சேதி கேட்டவர் தலை முழுகுவது முறை; உறவே வேண்டாம் என்று ஒருவரை விட்டொழிப்பதற்கும் அதே சொல்தான். பெரியப்பா எதைச் சொன்னார்? அத்தை சந்தேகமே படவில்லை: "ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அந்தக் கடங்காரன்." அப்பா அவளைப் பார்த்துச் சொன்னார், "தலையோட தண்ணி ஊத்திக்கினவன் கண்ணுல இன்னா வந்துச்சுன்னு உனக்கு எப்பிடிக்கா தெரியும்?" ஆபீஸ் காகிதம் படிப்பது போலத்தான் சொன்னார். அப்புறம் கீழே குனிந்து, சிதறிக் கிடந்த நொய்யைக் கையால் கூட்டி அள்ள ஆரம்பித்தார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், மண்ணோடு சேர்த்து அள்ளினார். ஒருவரும் கூடக் குனியவில்லை. எனக்கு அங்கே வந்த வெட்கம், தெரு சிரித்தபோது வந்த வெட்கம் இல்லை. இது வேறு. ஒரு பெரிய மனிதர் ஆசைப்பட்டது கிடைக்காமல் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

அதன் பிறகு அப்பா கடைக்குப் போனால் "சத்தவரு பந்த்ரு" என்று பையன்கள் குரல் கொடுப்பார்கள், செத்தவர் வந்துவிட்டார் என்று. அவரும் சிரித்துவைப்பார். ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. காக்கைக் குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோன பிறகு தட்டுவதும் நின்றது. அம்மா தோஷம் கழிந்தது என்றாள். அப்பா தோட்டத்தை விடவில்லை. நொய் போட்டார், சட்டியில் தண்ணீர் வைத்தார். "இந்தா, ஓடியா" என்று என்னைக் கூப்பிடுவது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. நானும் வளர்ந்துகொண்டிருந்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பல வருஷங்கள் கழித்து, நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவின் மகன் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். அவனை நாங்கள் பார்த்ததே இல்லை. மூக்கை வைத்து அப்பா கண்டுபிடித்துவிட்டார். "வாப்பா, வாப்பா" என்று கையிலிருந்த பூவாளியை வைத்துவிட்டு ஓடினார். அவன் நின்ற இடத்திலேயே, "சித்தப்பா, அப்பா தவறிட்டாரு" என்றான்.

அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் லேசாக மலர்ந்தது. "காக்கா தட்டிச்சாப்பா?" என்று கேட்டார். என் காதில் இப்போதும் கேட்கிறது.

அவன் விழித்தான். அந்தத் தலைமுறைப் பிள்ளை, பட்டணத்துப் படிப்பு. அவனுக்கு அந்த வழக்கமே தெரியாது; எங்கள் வாசலில் நடந்த கூத்தையும் அவன் வீட்டில் யாரும் அவனிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. "என்னா காக்கா?" என்றான். அப்பா விடவில்லை. "இல்லே, காக்கா கீக்கா ஏதாச்சும்... மீதி ஒண்ணும் சொல்லி அனுப்பலையா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அம்மா பின்னாலிருந்து, "இன்னாங்க, வாங்க உள்ள" என்று அவர் தோளைத் தொட்டாள். அவன் கையை உருவிக்கொண்டான். அவன் பார்வையில் இருந்தது கோபம். தன் அப்பா இறந்த சேதியோடு வந்தவனிடம் இந்த மனிதர் காக்கைக் கதை பேசுகிறாரே என்ற கோபம்.

நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கே திருப்பத்தூருக்குக் கிளம்பினோம். அவன் எங்களுக்கு முந்தின ரயிலில் போய்விட்டிருந்தான். அந்தப் பேச்சும் அவனோடு போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. "அண்ணன் செத்தான்னு சொன்னா, காக்கா தட்டிச்சான்னு சிரிச்சானாம்." பந்தலுக்குள் நுழைந்தபோதே கிசுகிசுப்பு காதில் விழுந்தது. அன்றைக்குத் தன் பொய்ச் சாவுக்கு அண்ணன் வராததற்குத் தம்பி பழி வாங்கிவிட்டார் என்று ஒரு கிழவர் என் காதுபடவே சொன்னார். அத்தை கூட அப்பாவின் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் பெரியப்பாவின் காலடியில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். வயசுப் பெண், அத்தனை ஆண்களுக்கு நடுவில், என்ன என்று சொல்ல? தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த ஓட்டு வீட்டையும் தோட்டத்தையும் பாயின் பிள்ளைகள் பின்னால் விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே மாடி மாடியாக வீடுகள். புறா நுழையாமல் இருக்க ஒவ்வொரு பால்கனிக்கும் வலை கட்டியிருக்கிறது. பித்தளைக்காரன் குரலை எப்போதாவது பூங்காப் பக்கம் கேட்கிறேன். சிட்டுக்குருவியைப் பார்த்து வெகுநாளாயிற்று. தெருவில் கொய்யா என்று விற்கிறார்கள். கிளி வாய் வைக்காத, மெழுகு பூசியது போன்ற காய். காக்கை தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா போய்விட்டார், அம்மா, அத்தை, துரை மாமா எல்லோருமே போய்விட்டார்கள். அந்தப் பந்தலில் கிசுகிசுத்தவர்களில் ஒருவர் கூட இல்லை. பெரியப்பாவின் மகனும் சில வருஷங்களுக்கு முன்னால் தவறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை, கேட்க ஆளில்லாமல், உங்களிடம் சொல்கிறேன். என் அப்பா அன்றைக்குக் கேட்டது கிண்டல் இல்லை. அவர் மீதிச் சேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.